அண்ணிக்குச் சொல்லாத நிறம்

எங்கள் குடும்பத்தில் ஒரு விசேஷம் என்றால் முதலில் ஐயருக்குப் போன் போகும், அடுத்து எனக்கு வரும். என்ன கட்டுவது, எதோடு எதைச் சேர்ப்பது, இந்த வெயிலுக்கு எந்தத் துணி தாங்கும் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். நான் தையல்காரி இல்லை, துணிக்கடையும் வைத்திருக்கவில்லை. கோலா சிலாங்கூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற கிராணி. கொஞ்சம் பார்த்து உடுத்துவேன், அவ்வளவுதான். அந்தப் பாவத்துக்கு இருபது வருடமாகத் தண்டனை அனுபவிக்கிறேன்.

மற்ற நாடுகளில் வசந்தம் என்று கொண்டாடுகிற மாதங்களில் எங்களுக்கு இங்கே மண்டை பிளக்கும். பங்குனி பிறந்தால் எங்கள் ஊர் அசாம் ஜாவாவில் காலை ஒன்பது மணிக்கே தார் ரோடு மினுங்கும். எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு பொட்டுக் காற்று வராது. சாயங்காலம் மழை வரும் என்று வானம் ஆசை காட்டிவிட்டு அப்படியே கலைந்துபோகும். இந்த வெயிலில் மனுஷி அழகாக வேறு இருக்க வேண்டுமாம்.

ஆனாலும் எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. கசங்கினாலும் பருத்திதான். புதுச் சேலையை மூன்று முறையாவது அலசிப் போட்ட பிறகுதான் கட்டுவேன், அப்போதுதான் அது உடம்போடு சமாதானம் ஆகும். ரவிக்கைக்கு உள்துணி மெல்லியதாக இருக்க வேண்டும். காதில் பெரிதாகப் போட்டால் கழுத்தைச் சும்மா விட வேண்டும். வேர்க்குரு முதலில் கழுத்தில்தான் வரும், அதன்மேல் ஆரத்தையும் போட்டுக்கொண்டு அலைவது எதற்கு? வேலைக்குப் போகும்போது நீளச் சட்டையும் பாவாடையுமான பாஜு கூரோங், அதுவும் பருத்தி. வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரின் பழைய கோடு போட்ட சட்டையைப் பாத்தேக் துணியில் தைத்த நீளப் பாவாடைக்குள் செருகிக்கொள்வேன். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுச் சீனத்தி எங்கே வாங்கினாய் என்று கேட்டிருக்கிறாள்.

இதெல்லாம் ஒரு காலத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐம்பது தாண்டியதும் அலுத்துவிட்டது. அலமாரியைத் திறந்தாலே உட்கார வேண்டும்போல் இருக்கிறது. இப்படி உட்காரத் தோன்றிய ஒரு வருடத்தில்தான் அக்காவின் இளைய மகளுக்கு நிச்சயம் வந்தது.

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் கல்யாணமோ நிச்சயமோ, குடும்பத்துக்கு ஒரு நிறம் என்பது சட்டமாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு ஒரு நிறம், பெண் வீடு ஒரு நிறம். அந்த நிறத்தைக் கட்டியவர்கள் மேடையேறிப் போட்டோவுக்கு நிற்கலாம். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நிறத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் மட்டும் போதாது. பத்திரிகை வைக்கிற மாதிரி ஆளாளுக்குப் போன் போட்டு, 'இந்தக் கலர், நீங்க கண்டிப்பா கட்டணும்' என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீ எங்களில் சேர்த்தி இல்லை என்று அர்த்தம். யார் எப்போது இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள் என்று தெரியாது. தெரிந்தால் அவர்களை நாலு வார்த்தை கேட்பேன்.

பெண் சொன்ன நிறம் பிஸ்தா பச்சை. அக்கா குரூப்பில் படத்தைப் போட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் சொல்லுகிற வேலையை என் தலையில் கட்டினாள். துணியும் நான்தான் பார்க்க வேண்டும். போட்டோவில் ஜார்ஜெட்தான் நன்றாக விழும் என்றாள் பெண். சித்திரை மாதத்தில், ஏர்கோன் இல்லாத கோயில் மண்டபத்தில், ஜார்ஜெட்டா என்றேன் நான். இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் இளசுகள் ஜார்ஜெட், எங்களைப் போன்றவர்கள் பருத்தி கலந்தது என்று முடிந்தது. நான் பட்டியல் போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் என் அண்ணி. கலும்பாங்கில் தனியாக இருக்கிறார். ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை. அண்ணன் இறந்து வருடம் திரும்பி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணி எங்கள் குடும்பக் குரூப்பில் என்றைக்குமே இருந்ததில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை அண்ணனிடம் சொல்லிப் பழகியிருந்தோம்.

உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் உண்மையாகவே உடுத்தத் தெரிந்தவர் அண்ணிதான். எனக்கு அது யோசித்து வருகிற விஷயம், அவருக்கு அது கையில் இருந்தது. தோட்டத்து லயத்து வீட்டுக்கு அவர் மருமகளாக வந்தபோது, துண்டுத்துணிக் குவியலில் பொறுக்கிய பூப்போட்ட மீட்டர் துணியில் ரவிக்கை தைத்து, வெறும் சாம்பல் நிறச் சேலைக்குப் போட்டுக்கொண்டு பம்பு வீட்டுப் பக்கம் நடந்தார் என்றால், வேலை வாங்குகிற மண்டோரின் பெண்டாட்டிகூடத் திரும்பிப் பார்ப்பார். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். அண்ணி விஷயத்தில் ஆளும் முழுசு, ஆடையும் முழுசு.

அப்படிப்பட்டவரிடம் நான் ஏன் சொல்லவில்லை? அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாலி இழந்து வருடம் திரும்பியவரிடம் பளபளக்கிற பச்சையைக் கட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? மாட்டேன் என்றால் அவர் வாயால் காரணம் சொல்ல வைத்த பாவம் எனக்கு. சரி என்றால் மாப்பிள்ளை வீட்டார் வாய் சும்மா இருக்காது. அக்காவிடம் கேட்டேன். அவங்களுக்குத் தோதானதைக் கட்டிக்கொண்டு வரட்டும், நாம் ஏன் கிளற வேண்டும் என்றாள். அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கும் அந்த நிம்மதி வேண்டியிருந்தது. இன்னொரு போன், இன்னொரு யோசனை மிச்சம். அழைப்பை மட்டும் முறையாக இரண்டு தடவை சொன்னோம். நிறத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

நிச்சயத்தன்று காலை பத்து மணிக்கெல்லாம் மண்டபம் அவிந்துகொண்டிருந்தது. ஜார்ஜெட் கட்டிய பிள்ளைகளின் கைக்கடியில் பிஸ்தா பச்சை கரும்பச்சையாகிவிட்டது. எனக்கு முதுகில் ஆறு ஓடியது. அப்போது அண்ணி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் காரில் அவ்வளவு தூரம் வந்தும் சேலை கசங்கியிருக்கவில்லை. சாம்பல் நீலப் பருத்தி, ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை, வெள்ளையில் பொடிக்கட்டம் போட்ட முழங்கை வரைக்குமான ரவிக்கை, காதில் ஒற்றை முத்து. இந்த மண்டபத்திலேயே வெயிலுக்குத் தக்கபடி ஒழுங்காக உடுத்தியவர் இவர் ஒருவர்தான் என்று நினைத்தேன். பொறாமையாகக்கூட இருந்தது.

வாசலில் நின்று எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அவராகவே போய் நாலாவது வரிசையில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

மோதிரம் மாற்றி முடிந்ததும் போட்டோகிராபர் பச்சை கட்டியவர்கள் எல்லாம் மேலே வாருங்கள் என்று மைக்கில் கூப்பிட்டார். ஏறினோம். மேலே நின்று அண்ணியைக் கையசைத்துக் கூப்பிட்டேன். அவர் தன் சேலையைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். மற்றவர்கள் கூப்பிடவில்லை. மாமன் பெண்டாட்டி நிற்க வேண்டிய இடத்தில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி நின்றாள். அவளுக்கு நான்தான் நிறம் சொல்லியிருந்தேன்.

இறங்கி வந்து அண்ணிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அவர் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர். பெண்ணுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவங்கதாம்மா" என்றார் அண்ணி.

நான் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். அங்கேயே, இவங்க என் அண்ணி, பெண்ணுக்குச் சொந்தத் தாய்மாமன் மனைவி என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் போன பிறகு இந்தக் குடும்பத்தில் அண்ணிக்கு இடம் உண்டா இல்லையா என்று அன்றைக்கு அந்த மண்டபத்துக்கே நாங்கள் அறிவித்துவிட்டோம். அறிவித்தது யார், நான்தான். அவர் சாப்பிட்டார், பெண் கையில் மொய்க் கவரைக் கொடுத்தார், என்னிடம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் போட்டோ வந்தது. பெண் எனக்கு மட்டும் தனியாக, அத்தை எங்கே சின்னம்மா என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை கலும்பாங்குக்குக் காரை எடுத்தேன். கோலா குபு பாரு தாண்டும்வரைக்கும் 'மறந்துட்டேன் அண்ணி' என்பதையே வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கார் ஏர்கோன் பாதியில் அனல் காற்று விட ஆரம்பித்தது. இருக்கட்டும், எனக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி ஐஸ் போட்டுப் பார்லித் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும் சொன்னேன். வேலை மும்முரத்தில் நிறத்தைச் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஹேங்கர். அதில் பிஸ்தா பச்சைச் சேலை. பருத்தியும் பட்டும் கலந்தது, இழையாக ஒரு ஜரிகைக் கரை, அதற்குச் சந்தன நிறத்தில் ரவிக்கை, முதுகில் துணி சுற்றிய சின்னப் பித்தான்கள். நான் மாதக்கணக்கில் கடைகளில் தேடிக் கிடைக்காமல் விட்ட சேலை அது.

"அவர் போன்ல வந்துச்சு" என்றார்.

அண்ணனின் எண்ணைக் குரூப்பிலிருந்து எடுக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. அந்தப் போனை அண்ணி தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அக்கா போட்ட படம் அதில் போய் விழுந்திருக்கிறது. அண்ணி ரவாங் வரை போய்த் துணி எடுத்துத் தைத்திருக்கிறார்.

"அப்புறம் ஏன் அண்ணி கட்டிக்கிட்டு வரல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது அவருக்கு வந்த மெசேஜ்மா. எங்கிட்ட யாரும் சொல்லல லா. அதப் பாத்துட்டு நானா கட்டிக்கிட்டு வந்து நின்னா, கூப்பிடாத பந்தியில எல போட்டுக்கிட்ட மாதிரி ஆயிரும்."

சேலையின் மடிப்பை விரலால் நீவிவிட்டார்.

"நீ கூப்பிட்டுச் சொல்லுவேன்னு நெனச்சேன். நிச்சயத்துக்கு மொத நா, வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ரெண்டு சேலையையும் அயன் பண்ணி மாட்டி வச்சிருந்தேன்."

நான் மறக்கவில்லை அண்ணி என்று அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. தெரியும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்காவின் பேரனுக்கு, இன்னும் எழுந்து நிற்கக்கூடத் தெரியாத பிள்ளைக்கு, பிஸ்தா பச்சையில் காலுறை கிடைக்குமா என்று கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.