அண்ணாச்சிக்கு ஒரு சோகம்

அந்தக் கோமாளிப் படத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அறுபதுகளில் வந்த படம். பம்பாய் மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குத் தமிழ்ப் படம் போடுவார்கள். தாராவியிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு நடந்தே போனோம். படத்தில் சர்க்கஸ் கோமாளி தூக்குப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறான். கயிறு அறுந்து யானைச் சாணத்தில் விழுகிறான். கொட்டகையே சிரித்தது, நாங்களும் சிரித்தோம். கடைசியில் முகச் சாயத்தைக் கழுவிவிட்டு ஓவென்று அழுகிறான். சிரிக்க வைக்கிறவனுக்குள்தான் பெரிய சோகம் இருக்குமாம். முந்தானை நனைய அழுதோம்.

அழுததோடு விட்டிருக்கலாம். விட்டோமா?

எங்கள் அடுத்த அறையில் ஒரு அண்ணாச்சி இருந்தார். தோல் கிடங்கில் வேலை. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடுகிற நாடகத்தில் வருஷா வருஷம் அவர்தான் பபூன். குழாயடியில் குடத்தோடு நின்று, “அண்ணாச்சி, தண்ணி வருதா?” என்று கேட்டால், “தாணே தாண்டிட்டாம். ஸ்லோ வண்டியில வருது. காட்கோபர்ல எறங்கிராம இருந்தாச் சரி” என்பார், தண்ணீர் ஏதோ லோக்கல் ரயிலில் வருகிற மாதிரி.

படம் பார்த்த மறுநாளிலிருந்து அவர் பகடி எதுவும் என் காதில் ஏறவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணாச்சி, மனசுல என்னத்தையோ வச்சிருக்கியளே. என்கிட்டச் சொல்லப்பிடாதா?”

“நேத்துத் தின்ன பருப்புவடை இருக்கு தங்கச்சி. மனசுல இல்ல, கொஞ்சம் கீழ.”

பக்கத்தில் நின்றவள் என் கையைக் கிள்ளினாள். “பாத்தியா, எப்படி மறைக்காரு!”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் சிரித்தால் மறைக்கிறார். பேசாமல் இருந்தால் தாங்க முடியாமல் இருக்கிறார். அவர் மனைவி, எங்களுக்கு மைனி, சத்தம் போட்டாள்: “இவருக்கு என்னட்டி சோகம்? மூணு வேளையும் திங்காரு, படுத்தாக் குறட்டை!” கேட்போமா? அந்த வருஷக் கொடையில் அவர் பபூனாக வந்து வழுக்கி விழுந்தபோது பெண்கள் பக்கம் ஒரு பல் தெரியவில்லை. எல்லாரும் உச்சுக்கொட்டினோம். எழுந்து எங்களைப் பார்த்தார். சரியாக விழவில்லையோ என்று நினைத்து இன்னொரு தடவை விழுந்து காட்டினார். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். பரிதாபப்படுவதில் இருக்கிற ருசி மனுஷருக்கு வேறு எதிலும் கிடையாது.

இந்த நேரத்தில்தான் அவர் மகளைப் பெண் பார்க்கக் கல்யாண் ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தார்கள். பையன் ரயில்வேயில் இருந்தான். பெண்ணுக்கும் பிடித்துவிட்டது; பூ வைக்க நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. நம் வழக்கப்படி பையனின் அம்மா பக்கத்து வீட்டில் விசாரிக்க வந்தாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நான்.

“மனுசர் எப்படி?”

“தங்கம்! எவ்வளவு சோகத்த உள்ள வச்சிக்கிட்டு எப்படிச் சிரிக்காரு!”

“என்ன சோகம்?”

“அது யாருக்குத் தெரியும்? வெளிய விடவே மாட்டாரு.”

சத்தியமாகப் பெருமையாகத்தான் சொன்னேன். நாலாம் நாள் தரகு பார்த்த கிழவி வந்து சொன்னாள்: வேண்டாமாம். வீட்டில் எதையோ மறைக்கிறார்களாம், பக்கத்து வீட்டுக்காரியே சொல்லிவிட்டாளாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை என் வாயால் கெட்டது.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என் வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி, எனக்கு என்ன சோகம்? சொல்லிப்போடு. எனக்கும் தெரியணும்லா.”

பழக்கதோஷத்தில் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணுக்கு வண்டி ஏறினேன். பையனின் அம்மா மரியாதையாகக் காப்பி கொடுத்தாள்.

“நான் ஒரு கூறுகெட்டவ. சினிமாவப் பாத்துட்டு ஒளறிட்டேன். அந்த மனுசருக்கு ஒண்ணுமே கெடையாது.”

“அவிய சொல்லி அனுப்புனாவளா?”

“இல்ல, நானாத்தான் வந்தேன்.”

டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “தாராவியிலேருந்து இம்புட்டுத் தூரம் வந்து மூடணும்னா, விசயம் பெருசாத்தான் இருக்கும்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில், “ஒரு சோகமும் இல்லம்மா அவருக்கு!” என்று கத்திவிட்டேன். அந்த வரிசையில் மூன்று கதவுகள் திறந்தன. அதோடு அந்தச் சம்பந்தத்துக்கு முழுக்கு.

ஒரு படம், மூன்று மணி நேரம். அதை எடுத்தவருக்குத் தெரியுமா, சும்மா சந்தோஷமாக இருக்கிற மனுஷனும் உலகத்தில் உண்டென்று? அவரைச் சொல்லி என்ன, கூடவே குடியிருந்த எனக்கே தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் அமைய நாலு வருஷம் ஆயிற்று. அதுவரை என்னைப் பார்க்காமலே குடத்தை எடுத்துக்கொண்டு போவாள், வருவாள். ஒருநாள் வழியை மறித்தேன்.

“ஏட்டி, என்னை நாலு ஏச்சு ஏசிப்போடு.”

“தள்ளுங்க அத்தை, தண்ணி நின்னுரும்” என்றாள்.