கொராட் ஜோடிக்கு ஓர் அறை

பூனை விடுதி நடத்துகிறவருக்கு எப்போதும் இரண்டு வாடிக்கையாளர்கள்: ஒருவர் பேசுவார், மற்றவர் பேசாமலேயே குறை சொல்வார். எங்கள் தீவில் ஜெலுத்தோங் பகுதியில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இந்தத் தொழிலைச் செய்கிறேன். பூனை வளர்க்கும் உங்களுக்கு என் பாடு புரியும். ஊருக்குப் போகிற அவசரத்தில் அதைக் கூடைக்குள் தள்ளப் போராடி, கையெல்லாம் கீறலோடு என் படியேறி வருகிறவர்கள்தானே நீங்களும்.

கல்யாணப் பரிசு

மெர்சி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவள் கணவர் அந்தோணிக்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. இருவரும் ஆளுக்கொரு கூடையோடு வந்தார்கள். திறந்து பார்த்தேன். இரண்டு பூனைகள், உடம்பு முழுக்க சாம்பல் நிறம், முடியின் நுனியில் மட்டும் வெள்ளி பூசினாற்போல் மினுக்கம், பச்சைக் கண்கள். ஆண் கோப்பி, பெண் காயா. காப்பியும், ரொட்டியில் தடவும் காயா ஜாமும்: காலையில் பசியாறப் போன கடையில் வைத்த பெயர்களாம்.

கொராட் பூனையை அதற்கு முன் நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். தாய்லாந்துப் பூனை. மனிதர்கள் இதையும் அதையும் இணைசேர்த்து உண்டாக்கிய ஜாதியில்லை. அந்த மண்ணில் தானாகவே இப்படிப் பிறந்து வந்தது. மற்ற ஊர்களில் கிடைப்பது அபூர்வம். கல்யாணப் பெண்ணுக்கு இதை ஜோடியாகக் கொடுத்தால் குடும்பம் நன்றாக இருக்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. மெர்சிக்கு அங்கே ஹட்யாயில் இருக்கும் தோழி அப்படித்தான் கொடுத்திருக்கிறாள்.

"எத்தனை நாளைக்கும்மா விடறீங்க?" என்று கேட்டேன். அந்தோணி ஜன்னல் பக்கம் பார்த்தார். மெர்சிதான் பதில் சொன்னாள்: "யாருக்கு எதுன்னு முடிவாகற வரைக்கும்க்கா. நாங்க பிரியறோம்."

சத்தம் ஆகாது

புதன்கிழமைகளில் மெர்சி வருவாள். சனிக்கிழமைகளில் அந்தோணி. இருவரும் சந்தித்துக்கொள்ளாதபடி அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு.

மெர்சி வந்தால் இரண்டும் ஓடிப்போய் அவள் தோளில் ஏறும். அந்தோணி படியேறும்போதே அலமாரிக்கு மேலே போய்விடும். பாவம், அவர் கெட்டவர் இல்லை. நாள் முழுக்க மெஷின்களுக்கு நடுவே கத்திப் பேசிப் பழகிய குரல். "கோப்பி, வாடா" என்று அன்பாகக் கூப்பிட்டாலே கீழே தையல் மெஷின் நின்றுவிடும். கொராட்டுக்குக் காது கூர்மை. திடீர்ச் சத்தம் அதற்கு அடி விழுந்த மாதிரி.

ஒரு நாள் சொல்லிவிட்டேன். "தம்பி, தரையில உக்காந்து மெதுவா பேசிப் பாருங்க. இந்த ஜாதிக்குச் சத்தம் ஆகாது." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வேலையிடத்துக் கதைகளைத் தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தார். பல சனிக்கிழமைகள் கேட்க யாரும் இறங்கி வரவில்லை. பிறகு ஒரு நாள் காயா வந்து, முட்டியை முகர்ந்து பார்த்து, மடியில் சுருண்டுகொண்டது. கால் மரத்துப் போகும்வரை அசையாமல் இருந்தார் மனுஷன். போகும்போது என்னிடம் சொன்னார்: "வீட்டுல ஒரு நாளும் இப்படி வந்ததில்லக்கா. அதுங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சிட்டேன்."

பாசார் பூனை

அந்தச் சமயத்தில் கெப்பாலா பத்தாஸிலிருந்து, ஆபீஸில் கணக்கெழுதும் சரோஜா என்ற கிராணி ஒரு சாம்பல் பூனையைக் கொண்டுவந்தாள். பாசாரில் மீன் கடைக்குப் பின்னால் கிடைத்ததாம். கண்ணாடிக் கதவு வழியாக என் கொராட்டுகளைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே பரபரப்பு. தன்னுடையதும் அதே ஜாதிதான், கண் இன்னும் மஞ்சளாக இருந்தாலும் வளர வளர பச்சையாகிவிடும் என்றாள்.

கொராட்டுக் குட்டிகளுக்குக் கண் பச்சையாக இரண்டு மூன்று வருடம்கூட ஆகும், அது நிஜம். ஆனால் அவள் பூனையின் நெஞ்சில் வெள்ளைத் திட்டு இருந்தது, முடியும் இரட்டை அடுக்கு; கொராட்டுக்கு வெள்ளையே இருக்காது, முடியும் ஒற்றை அடுக்குத்தான். ஆசையோடு நிற்பவளிடம் எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் பூனையைத் தூக்கி அந்த வெள்ளைத் திட்டையே தடவிக்கொடுத்தாள். "சரிலா அக்கா. ஜாதி தெரிஞ்சா நான் இதைத் தூக்கிட்டுப் போனேன்?"

மூடிய கதவு

பள்ளி விடுமுறை. மெர்சி கிழமை மறந்து சனிக்கிழமை வந்துவிட்டாள். நான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பூனை அறைக் கதவு மூடியிருந்தது, வெயிலுக்காகக் கண்ணாடியில் திரை போட்டிருந்தேன். உள்ளே அந்தோணி, பாலத்தில் மழையில் மாட்டிக்கொண்ட கதையைக் காயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியை ஓரம் கட்டியது, சட்டைப்பைக்குள் தண்ணீர் போனது, பக்கத்தில் நின்ற யாரோ பிளாஸ்டிக் பை கொடுத்தது.

"யாருக்கா உள்ள?" என்றாள். குரலை அடையாளம் தெரியாமல்தான் கேட்டாள். சொன்னேன். அவள் உள்ளே போகவில்லை. கைப்பை வாரைப் பிடித்தபடி கதை முடியும்வரை நின்று கேட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள். நானும் வாசல்வரை போனேன். அப்போது சொன்னாள்: "இப்படி ஒரு கதை என்கிட்ட சொல்லியிருந்தா நான் வக்கீல்கிட்ட போயிருக்க மாட்டேன்க்கா. இப்ப எனக்கே மனசு அந்தப் பக்கம் திரும்பல."

இதை அந்தோணியிடம் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். சொன்னால் அவருக்கு நம்பிக்கை வரும்; அவள் நம்பிக்கை கொடுத்துவிட்டுப் போகவில்லை. சொல்லாமலே விட்டேன். சரிதானா என்று இன்றும் தெரியவில்லை.

பங்கு

கடைசியில் கோப்பி மெர்சிக்கு, காயா அந்தோணிக்கு என்று முடிவாயிற்று. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்தோணி காயாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பூனைக்குக் கண் உள்வாங்கியிருந்தது. மிருக டாக்டர் பார்த்து நோய் ஒன்றுமில்லை என்றாராம்; ஆனால் சாப்பிட மறுக்கிறது. பூனை பட்டினி கிடந்தால் சில நாளில் ஈரல் போய்விடும், உங்களுக்கே தெரியும். மெர்சிக்குப் போன் போட்டேன். கோப்பியும் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறது என்றாள். கூடையோடு வந்தாள்.

பழைய அறையில் இரண்டையும் விட்டோம். கோப்பி போய் காயாவின் காதை நக்கியது. வெகுநேரம் நக்கியது. அப்புறம் கிண்ணத்தில் வாயை வைத்தது. காயாவும் பக்கத்தில் வந்து இரண்டு வாய் தின்றது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம்.

"ரெண்டையும் நீயே கொண்டு போ, மெர்சி," என்றார் அந்தோணி.

"உங்க மடியில வந்து படுக்குதுன்னு அக்கா சொன்னாங்க. அதையும் நான் எடுத்துக்கிட்டா எப்படி?"

அவர் காலிக் கூடையின் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "மடிக்கு வந்துச்சு, எனக்கு அது போதும். உயிரோட இருக்க அதுக்குக் கோப்பிதான் வேணும்."

அவர்கள் மறுபடி சேரவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். பூனைகள் மெர்சியிடம் கொழுகொழுவென்று இருக்கின்றன.

இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தது. அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொள்வது அதனால்தான் என்று நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.