யார் எடுத்தது என்று மிலான் கேட்டார்

மிலான் இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னவர் அவருடைய மனைவி ஹானா. பழக்கமான குரல்தான். ஆனாலும் "யார் பேசுவது?" என்று இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்பதற்குள் அவர், "அருள், இது பொய்யில்லை. நெஞ்சுவலி. இன்று காலை" என்றார். மிலான் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். எந்தச் செய்தி வந்தாலும் முதலில் சந்தேகப்படு என்று எனக்குச் சொன்னவர் அவர். அவர் சொல்வதற்கு முன்பே அந்தப் பாடத்தில் நான் தேறியிருந்தேன் என்பது வேறு விடயம்.

இல்ஃபோர்டில் எங்கள் மாதா கோயில் மண்டபத்துக்கு எண்பதுகளில் வந்துபோனவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். தலைமயிரை முள் முள்ளாக நிறுத்தி, காதில் சேப்டி பின் குத்திக்கொண்டு, பூசை முடிந்து வெளியே வரும் நம் சனங்களுக்குக் கதவைப் பிடித்தபடி நின்ற வெள்ளைக்காரர். மண்டபப் பொறுப்பாளராக இருந்த மரியநாயகம் அண்ணை ஒருநாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேய் பிடிச்ச மாதிரி நிக்கிறான். ஆனா மரியாதை தெரிஞ்ச பெடியன்" என்றார். அண்ணை ஒருவரைப் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மிலான் செக் நாட்டுக்காரர். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துப் பிராகில் அவருடைய இசைக்குழு அனுமதியில்லாமல் ஒரு கலியாண வீட்டில் வாசித்ததற்காகப் பொலிஸ் வந்து கிற்றாரையும் பிடித்தது, ஆளையும் பிடித்தது. எப்படியோ லண்டனுக்கு வந்து சேர்ந்தவர், கேரி என்ற அமெரிக்கனோடு சேர்ந்து ஒரு பங்க் இசைக்குழு தொடங்கினார். கேரி ஒஹாயோவிலிருந்து படிக்க வந்து, படிப்பை விட்டவன். விசா முடிந்தும் விமானம் ஏறாதவன். ஞாயிறு பின்னேரங்களில் அவர்கள் எங்கள் மண்டபத்தில் ஒத்திகை பார்த்தார்கள். மண்டபத்துத் திறப்புக் கொத்து என்னிடம் இருந்தது. ஞாயிறுகளில் எனக்குப் பெற்றோல் நிலைய ஷிப்ட் இல்லை; பூசைக்குத் திறந்த மண்டபத்தைப் பின்னேரம் கூட்டிப் பூட்டுவது என் வேலை.

ஒருநாள் அவர்களுடைய டிரம்ஸ்காரன் சண்டை பிடித்துக்கொண்டு போய்விட்டான். மன்னாரில் கலியாண வீடுகளில் பைலாப் பாட்டுகளுக்கு டிரம்ஸ் அடித்த கை என்னுடையது. சும்மா இருக்க முடியவில்லை. போய் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்ததும் மிலான் ஒரு சின்னக் கறுப்பு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதினார். பிறகு என் பெயரைக் கேட்டு, எழுத்துக் கூட்டி அதையும் எழுதினார். எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது.

குழுவுக்கு 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று பெயர். "நம் மூன்று பேருடைய கழுத்தும் குடிவரவுக்காரனின் முத்திரைக்குக் கீழேதானே இருக்கிறது" என்பார் மிலான். நாங்கள் புகழ் பெறவில்லை. கிழக்கு லண்டன் மதுச்சாலைகளின் பின்னறைகளில் வாசித்தோம். பல நாட்களில் எங்களைப் பார்க்க வந்தவர்களைவிட எங்களைப் பார்க்காமல் குடிக்க வந்தவர்களே அதிகம். ஒரே ஒரு பாட்டு மட்டும் பிடித்துக்கொண்டது. மேலதிக வேலை சொல்லும் மரியநாயகம் அண்ணைக்கு நான் சொல்லும் பதில் என்ன என்று மிலான் கேட்டார். "ஏலாது" என்றேன். என்ன பொருள் என்று கேட்டார். முடியாது என்றேன். அதையே பல்லவியாக்கினார். நூறு பேர் துள்ளிக்கொண்டு "ஏலாது! ஏலாது!" என்று கத்திய ஒரு நாள் உண்டு. அவர்களில் ஒருவருக்கும் அது என்ன மொழி என்று தெரியாது. லண்டனில் என் சொல் ஒன்றை மற்றவர்கள் திருப்பிச் சொன்னது அதுவே முதல் முறை.

ஆனால் அந்த நோட்டுப் புத்தகம் என்னைத் தூங்க விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எழுதினார். நான் வந்ததும் எழுதினார், போகும்போதும் எழுதினார். என் அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. ஊர் யுத்தத்தில் நம்மவர்களில் யார் எந்தப் பக்கத்துக்கு ஆள் என்று தெரியாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்த காலம். மரியநாயகம் அண்ணையிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, பாடுறவன் ஏன் மணிக்கூடு பாக்கிறான்? கவனமா இரும்" என்றார். அது போதுமாக இருந்தது. அடுத்த ஞாயிறு அவர்கள் தேநீர் போடப் போனபோது, மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்து என் கோட்டுப் பைக்குள் வைத்தேன். மீதி நேரம் முழுவதும் அந்தக் கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிரம்ஸ் அடித்தேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் எல்லாம் செக் மொழி. பக்கத்துக்குப் பக்கம் என் பெயர், கேரியின் பெயர், மணி. மறுநாளே கேரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விசா இல்லாத கேரிக்கு முகம் வெளுத்தது.

அடுத்த ஒத்திகையில் கேரி புத்தகத்தை மிலானின் காலடியில் வீசி, "யாருக்கு எழுதுகிறாய்?" என்று கத்தினான். மிலான் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டினார். "எனக்கு" என்றார். கேரி சிரித்தான். மிலான் எங்கள் இருவரையும் பொதுவாகப் பார்த்து, "யார் எடுத்தது?" என்று கேட்டார். கேரி, அது முக்கியமில்லை என்றான். நான் சிம்பல் தட்டின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே இறுகியிருந்த திருகு. மிலான் புத்தகத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு தன் பேஸ் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். ரப்பர் ஸ்டாம்ப் குழுவின் சரித்திரம் அவ்வளவுதான். சில மாதங்களில் கேரியும் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான்.

அதற்கு அடுத்த வருடம் என்னைப் பற்றிக் குடிவரவு அதிகாரிகளுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. உயிருக்குப் பயம் என்று தஞ்சம் கேட்ட இந்த ஆள் போன வருடம் மூன்று மாதம் இரகசியமாக இலங்கைக்குப் போய் வந்தவன் என்று அதில் இருந்தது. பச்சைப் பொய். ஆனால் நான் இங்கேதான் இருந்தேன் என்பதற்கு என்ன சாட்சி? பெற்றோல் நிலையத்தில் வேறொருவர் பெயரில் வேலை செய்தேன். மண்டபத்தில் எனக்குப் பதிவே இல்லை. சட்டத்தரணி பேனாவை வைத்துவிட்டு, "அந்த மாதங்களில் உங்களைப் பார்த்ததாக எழுத்தில் ஏதாவது?" என்று கேட்டார். அந்த மாதங்களைத் திரும்பவும் சொல்லச் சொன்னேன். நான் திருடிய புத்தகத்தின் மாதங்கள் அவை.

குட்மேய்ஸில் மிலான் குடியிருந்த மாடிக்கு ஏறிப் போனேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, பிறகு உதவி கேட்பது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்திருந்தேன். கதவைத் திறந்தவரிடம் மொட்டைக் கடிதத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. "எந்த மாதங்கள்?" என்றார்.

விசாரணைக்கு டை கட்டிக்கொண்டு வந்தார். காதில் இருந்த சேப்டி பின் அன்று டையில் இருந்தது. மூன்று மாதத்து ஞாயிறுகளையும் ஒவ்வொன்றாக வாசித்தார். அருள் இரண்டே காலுக்கு வந்தான், ஐந்துக்குப் போனான். அருளுக்குத் தடிமன், தும்முகிறான். அருள் இன்று வேகமாக அடிக்கிறான். அதிகாரி நிமிர்ந்து, எதற்காக இதையெல்லாம் எழுதினீர்கள் என்று கேட்டார். "என் நாட்டில் பொலிஸ் கேட்கும், போன மாதம் ஞாயிற்றுக்கிழமை யாரோடு இருந்தாய் என்று. பதில் இல்லாவிட்டால் அவர்களே ஒரு பதிலை எழுதிக்கொள்வார்கள். அதனால் ஒத்திகைக்கு வருகிற எல்லாருக்கும் நான் எழுதி வைப்பேன்" என்றார் மிலான். எனக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைத்தது. வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போதும் சொல்லவில்லை.

கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்து, அவருடைய நாடு திறந்த பிறகு, தொண்ணூறுகளில் ஒருமுறை பிராகுக்குப் போய்த் தன்னைப் பற்றிய பொலிஸ் கோப்பைப் பார்த்துவிட்டு வந்தார். நிறையப் பிழை, திகதிகூடச் சரியில்லை, என்னிடம் கேட்டிருந்தால் ஒழுங்காகக் கொடுத்திருப்பேனே என்று குறைப்பட்டார். அவரைக் காட்டிக்கொடுத்தவனின் பெயரும் அதில் இருந்ததாம். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "இல்லை. அவனாக வந்து சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது" என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும்போது, இந்தக் கையாக இருக்குமோ என்று பார்க்கிறேன். மரியநாயகம் அண்ணையின் கையையும் அப்படித்தான் பார்த்தேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். என் புத்தி இன்னும் மாறவில்லை.

மிலானின் அடக்கம் முடிந்த பின் ஹானா எனக்கு ஒரு கறுப்பு நோட்டுப் புத்தகம் தந்தார். அட்டையில் என் பெயர் எழுதியிருந்தது. அந்தச் சாட்சிப் புத்தகமாக்கும் என்று நினைத்தேன். இல்லை, அதற்கு அடுத்தது. முதல் பக்கத்தை ஹானா எனக்கு ஆங்கிலத்தில் வாசித்தார்:

"ஞாயிறு. கேரி இரண்டு மணி. அருள் இரண்டே கால். புதுப் புத்தகத்தில் எழுதுகிறேன். பழையது அருளின் கோட்டுப் பையில் இருக்கிறது. பயந்துபோயிருக்கிறான், ஆனால் தாளம் தவறவில்லை. ஐந்து மணிக்குப் போனான்."

எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்று கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பத்து வருடத்துக்கு மேல் என் வீட்டுக்கு வந்து சோறு தின்றிருக்கிறார்.

அந்தப் புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியும்தான். புத்தகத்தின் பின்பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. நேற்று அதில் தமிழில் எழுதினேன். அவரைத் தெரிந்த உங்கள் எல்லாருக்கும் முன்னால் அதையே இந்த அஞ்சலிக் குறிப்பிலும் எழுதுகிறேன்.

ஞாயிறு. மிலான் வரவில்லை. நான்தான் எடுத்தேன்.