பழுப்பு ஏறாத ஸ்லைடு

என் மேசை இழுப்பறையில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும், மூலை உடைந்த கண்ணாடி ஸ்லைடு ஒன்று இருக்கிறது. உடைத்தவன் நான்தான். நாமக்கல்லில் ஒரு கால்நடை ஆய்வகத்துக்கு நான் பொறுப்பேற்ற புதிதில், அங்கே ஒப்பந்த வேலையிலிருந்த டெக்னீஷியன் தயாரித்தது அது. எருமப்பட்டிப் பக்கத்துப் பெண். மாணவர்களுக்கு ‘லேப் அக்கா’. ஆட்டுக் குடலைத் தாளைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் சுருக்கமில்லாமல் படியவைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒருநாள் அவர் தயாரித்த ஸ்லைடில், குடற்புழு தாக்கிய ஆட்டின் திசுவில் விழுங்கணுக்களைத் தேடிக்கொண்டிருந்தேன். கிருமியை விழுங்கிக் கொல்லும் வெள்ளையணுக்கள் அவை. சண்டையில் இறங்கியிருந்தால் எங்கள் சாயத்தில் பழுப்பாகத் தெரிய வேண்டும். புழுவைச் சுற்றிக் கூட்டமாகத்தான் நின்றன. ஒன்றில்கூடப் பழுப்பு இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சாயம் சரியாக ஏற்றவில்லை என்று மாணவர்கள் முன்னாலேயே அவரைச் சத்தம் போட்டேன்.

சாயத்தைச் சரிபார்க்க வைத்திருந்த கன்ட்ரோல் ஸ்லைடை அவர் என் பக்கம் நகர்த்தினார்.

“இதுல பழுப்பு வந்திருக்குதுங்களே, பாத்துட்டுச் சொல்லுங்க சார். சாயம் நல்லாத்தானுங்க புடிச்சிருக்குது. அதுங்க சண்டை போடலைங்க, வேற என்னமோ வேலை பாக்குதுங்க.”

நான் பார்க்கவில்லை. அவர் செய்த ஸ்லைடைக் குப்பைக்கூடையில் வீசினேன். ஃபைலில் ‘சாயமேற்றுவதில் கவனக்குறைவு’ என்று எழுதினேன். அந்த மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. போகிற அன்று, குப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்த அந்த ஸ்லைடைத் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டு, “வாரேனுங்க சார்” என்றார்.

இரண்டு வருடம் கழித்து, காயம் ஆற்றும் அணுக்களைக் காட்டும் சாயம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. பத்திரப்படுத்தி வைத்திருந்த அதே ஆட்டின் திசுவில் போட்டேன். புழுவைச் சுற்றி நின்ற அணுக்களெல்லாம் சிவந்தன. விழுங்க முடியாத பெரிய புழு வந்தால், மற்ற எதிர்ப்பணுக்கள் அனுப்பும் சமிக்ஞையே வேறு: புழுவை வளைத்துக் கட்டு, கிழிந்த குடலை ஆற்று. விழுங்கணுவும் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்கிறது. எந்நேரமும் சண்டையே போட்டால் ஆட்டின் குடல்தான் புண்ணாகும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

போன் செய்தேன். பள்ளிபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“ஃபைல்ல எழுதுனதை அடிச்சுட்டீங்களா சார்?”

அடிக்கவில்லை. அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அந்த வரியை அடித்து, ‘சாயத்தில் பிழையில்லை’ என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டு, நகலை அவருக்கு அனுப்பினேன். போன வேலை போனதுதான்.

இப்போதும் புதிதாக வரும் மாணவர்களுக்கு முதலில் இந்த உடைந்த ஸ்லைடைத்தான் கொடுக்கிறேன். “சாயம் புடிக்கலைங்க சார்” என்கிறார்கள். கன்ட்ரோல் ஸ்லைடை அவர்கள் பக்கம் நகர்த்தி, “பாத்துட்டுச் சொல்லுங்க” என்கிறேன். அவர் என்னிடம் கேட்டதும் அவ்வளவுதான்.