தேங்காய்க்கு ஒரு வருஷம்

என் வீட்டுக்காரர் திருடினார். அதை நான் மறைக்கவில்லை. எழுபதுகளில் பெர்மிட் இல்லாமல் சிமெண்ட் கிடைக்காது. திருவனந்தபுரத்தில் கொத்து வேலை பார்த்த இவரும் எங்கள் ஊர்க்காரர்கள் மூணு பேரும், வேலை செய்த இடத்துக் குடோனிலிருந்து பத்து மூட்டையைக் கடத்தி, விதுரா போகிற வழியில் பிடிபட்டார்கள். எனக்கு அப்போது எட்டு மாசம்.

திருடினால் தண்டனை உண்டு, சரி. ஆனால் இந்த மனுஷர் கோர்ட்டில் என்ன சொன்னார் தெரியுமா? எங்கள் ஆட்கள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினாலும் ஓடு மாற்றினாலும் முதலில் பிள்ளையாருக்கு ஆளுக்கொரு தேங்காயைச் சிதற அடித்து விடலை போடுவார்கள். சிமெண்டுக்கும் போட்டிருக்கிறார்கள்! முன்கூட்டியே கூடிப் பேசினீர்களா என்று ஜட்ஜி கேட்டதும், கூண்டில் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆமா எசமான், முந்தின நாளே நாலு பேரும் சேந்து விடலை போட்டோம். சாமிகிட்ட சொல்லாம ஒரு வேலையும் செய்ய மாட்டோம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திருட்டுக்கு ஒரு வருஷம். கூடிச் சதி செய்ததற்குத் தனியாக ஒரு வருஷம். முதலாவது முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்குமாம்.

வராந்தாவில் எங்கள் வக்கீலை மறித்தேன். "ஒரே காரியத்துக்கு ரெண்டு தண்டனையா சார்?"

"சதி வேறெ, களவு வேறெ, கேட்டோ. ரெண்டும் ஒரே சமயத்துல ஒருமிச்சுக் கழியட்டும்னு கோர்ட்டு சொல்லலை."

"சொல்லணும்னு நீங்க கேட்டியளா?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது விட்டுப்போச்சு."

விட்டுப்போச்சாம்! பஸ்ஸில் குடையை விட்டது போலச் சொல்கிறார். திருடினது ஒரே தடவை. கூடிப் பேசாமல் நாலு பேர் எப்படி ஐயா பத்து மூட்டையைத் தூக்குவார்கள்? அப்பீல் போட்டும் பார்த்தோம், தள்ளிவிட்டார்கள்.

மகள் பிறந்தாள். முதல் வருஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அப்போது அவள் தொட்டிலில் கிடந்தாள். இரண்டாவது வருஷத்தில்தான் பேச்சு வந்தது. பக்கத்து மலையாளி வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் "அச்சா, அச்சா" என்று தகப்பனிடம் ஓடும்போது இவளும் பின்னாலேயே ஓடுவாள். ஒரு நாள் அந்த மனிதரின் காலைக் கட்டிக்கொண்டு "அச்சா" என்றாள். அவர், பாவம், கூசிப்போய் நின்றார்.

நான் அவளை இழுத்துவந்து, பச்சைப்பிள்ளை முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். எதற்கு அடித்தேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு அழுதாள்.