மரியாதைக்குச் சொன்ன வார்த்தை

காலை எட்டேகால் மணிக்கு, சிங்காநல்லூரில் சாலையோரம் நின்றிருந்த என் மகள் மீது மோட்டார் பஸ் மோதிக் கால் ஒடிந்தது. மாலையில் பஸ் முதலாளி ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடியோடு வந்தார். வந்தவர் மனம் நோகக்கூடாதென்று, "எங்க பொண்ணும் பார்த்து நின்னிருக்கோணுங்க" என்றேன்.

நஷ்டஈட்டு வழக்கில் முதலாளியின் வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். "தகப்பனாரே தப்பை ஒப்புக்கொண்டார்!" நடக்க முடியாத பெண்ணின் வழக்கு என் வாயாலேயே கெட்டுப்போகுமோ என்று தூக்கம் பிடிக்கவில்லை.

இப்போது யார் நலம் விசாரித்தாலும் விபத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. எங்கள் வக்கீலிடம் மட்டுமே பேசுகிறேன்.

நேற்று, விபத்தன்று அந்த பஸ்ஸில் இருந்த சூலூர் அம்மாள் ஒருவர் வீடு தேடி வந்தார். கோர்ட்டில் என் பேச்சு மாட்டிக்கொண்டதை ஊரார் சொல்லக் கேட்டிருந்தவர், "அம்மணி ஓரமாத்தானுங்க நின்னுச்சு. வாய்தாவுக்கு நானே வந்து சொல்றேன். நீங்க மறுபடி மரியாதை பண்ணிப்போடாதீங்க!" என்றார்.