கறுப்புச் சுடிதாரும் மீன்கார அக்காவும்

கட்டிக்கொள்ளப் போகிறவனின் அம்மாவை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போனேன். உடன்குடியில் பெரியதாழை பஸ் ஏறினேன். புதுக் கறுப்புச் சுடிதார். பயத்தில், தூத்துக்குடியில் வாங்கிய டியோவை அப்பு அப்பென்று அப்பியிருந்தேன்.

கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன். மீன் விற்று முடித்து, காலிக் கூடையோடு சீட்டில் இருந்த அக்கா கேட்டார்:

"ஏளா, கக்கத்துல என்ன இப்படி உப்பு பூத்துக் கெடக்கு?"

குனிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு!

"உப்பில்லக்கா, டியோ. வேர்வை நாத்தம் வராம பூசுறது. இதோட மாமியார் வீட்டுக்கு எப்படிப் போவேன்?"

"இதுக்கா இந்தப் பாடு? தண்ணி தொட்டுராத, இன்னும் அப்பிக்கிடும். கையத் தூக்கு."

கூடையை மூடியிருந்த நைலான் வலையைச் சுருட்டித் தேய் தேயென்று தேய்த்தார். எனக்கோ ஒரே கூச்சம். நெளிந்தேன், துள்ளினேன், கெக்கேபிக்கே என்று சிரித்தேன்.

"ஆடாம நில்லுளா!"

அந்த அதட்டலில் கண்டக்டர் உட்பட மொத்த பஸ்ஸும் சிரித்தது. கறை மட்டும் இருந்த இடம் தெரியவில்லை.

பெரியதாழையில், மீன்வலை காயும் வாசலிலேயே அத்தை என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சினார். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏலே," என்று மகனைப் பார்த்துக் கத்தினார், "கருப்பட்டிக் கடைக்காரர் பிள்ளன்னுதான சொன்ன? மேலெல்லாம் சாளை மீனு மணக்கு! இவ நம்ம பிள்ளலே!"

முக்கால் டப்பா டியோ மிச்சம் இருக்கிறது. யாருக்கு வேண்டும்?